நக்குரு ஏரிக்குக் கிளம்புமுன் இதைப் படித்துவிடுங்கள்

கென்யாவில் இருக்கும் நக்குரு ஏரித் தேசியப் பூங்காவுக்கு 2024 நவம்பரில் தனியாகப் போய்வந்தேன். இரண்டு நாள் பயணம். பேசியபடி கட்டியது 310 டாலர். அதற்கு மேல் 156 டாலர், அதாவது அன்றைய கணக்கில் 13,000 ரூபாய்க்கு மேல், கையை விட்டுப் போனது. முதல் நாள் பூங்கா வாசலில் மூன்று மணி நேரம் நின்றேன். சேற்றில் புதைந்த வேனுக்குள் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஊர் திரும்பிய பிறகு இதை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. சொன்னால், "ஐம்பத்திரண்டு வயசுல தனியா ஏன் போனீங்க டீச்சர்?" என்பதில்தான் பேச்சு வந்து நிற்கும். தனியாகப் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. இன்னொரு தடவையும் போவேன். போகுமுன் கேட்டிருக்க வேண்டிய நாலைந்து கேள்விகளை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லையே என்பதுதான் ஆற்றாமை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதினார். மார்கழி, தை மாதங்களில் கோடியக்கரைச் சதுப்பில் பூநாரைகள் இறங்கும். விடிகாலையில் சைக்கிளின் முன்கம்பியில் என்னை உட்கார வைத்துக் கூட்டிப்போய்க் காட்டுவார். அவர் சொல்லித்தான் ஆப்பிரிக்காவில் ஒரு ஏரி இருக்கிறது, அங்கே பூநாரை இறங்கினால் கரை முழுக்க ரோஜா நிறமாகிவிடும் என்று எனக்குத் தெரியும். அந்த ஏரிதான் நக்குரு. நல்ல வருடங்களில் பத்து லட்சத்துக்கு மேல் பூநாரைகள் கூடிய இடம். என்றைக்காவது அதைப் பார்த்துவிட வேண்டும் என்று நாற்பது வருடம் மனதில் வைத்திருந்தேன். கூட வேலை பார்க்கும் சிநேகிதியும் நானும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது அவள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவளால் வர முடியவில்லை. என் விமான டிக்கெட்டை ரத்து செய்தால் பாதிப் பணம்கூடத் திரும்பாது. சரி, போய்விடுவோம் என்று முடிவெடுத்தேன்.

அரசாங்கக் காகித வேலையில் ஒரு குறையும் வரவில்லை, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து விசா கிடையாது. அதற்குப் பதிலாக இணையத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும். 30 டாலரும் சில்லறையும் ஆனது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைச் சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொண்டேன். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். கென்யாவிலிருந்து திரும்பும்போது நம் விமான நிலையத்தில் அந்த மஞ்சள் அட்டையைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

தவறு நடந்தது சஃபாரி பேசியதில். இரண்டு பேர் போவதாக இருந்தபோது ஒரு நல்ல ஏற்பாடு பார்த்து வைத்திருந்தோம். ஒருத்திக்கு அது கட்டுப்படியாகவில்லை. அவசரத்தில் தேடியபோது ஒரு ஏஜெண்டின் வாட்ஸ்அப் எண் கிடைத்தது. மற்ற பயணிகளோடு சேர்ந்து போகும் கூட்டுச் சஃபாரி, ஃபோர் வீல் டிரைவ் ஜீப், ஒரு இரவு தங்கல், சாப்பாடு, "எல்லாம் சேர்த்து 310 டாலர்" என்றார். கூடவே ஒரு படம் அனுப்பினார். கரை முழுக்கப் பூநாரைகள், பின்னால் மலை. அப்பா சொன்ன அதே காட்சி. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு நான் வேறு எதையும் விசாரிக்கவில்லை என்பதே உண்மை. அது எந்த வருடத்துப் படம் என்றுகூடக் கேட்கவில்லை. முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

"எல்லாம் சேர்த்து" என்ற வார்த்தையை அப்படியே விடாதீர்கள். பூங்கா நுழைவுக் கட்டணம் இதில் சேர்த்தியா, தனி ஆளுக்கு அறை எடுத்தால் கூடுதல் பணம் உண்டா, கூட வருகிறவர்கள் வராமல் போனால் என்ன ஆகும், வண்டியின் நான்கு சக்கரமும் இழுக்குமா இரண்டுதானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகச் சொன்னால், "அதையே தட்டச்சு செய்து அனுப்புங்கள்" என்று கேளுங்கள். முன்பணம் மட்டும் கட்டி, மீதியை வண்டி வந்து நின்றபிறகு தருவதாகப் பேசுங்கள். நான் கேட்டிருந்தால் அந்த ஏஜெண்ட் ஒத்துக்கொண்டிருப்பாரோ மாட்டாரோ, ஆள் எப்படிப்பட்டவர் என்பதாவது பணம் போகுமுன் தெரிந்திருக்கும்.

காலை ஆறு மணிக்கு நைரோபி விடுதி வாசலில் வந்து நின்றது ஜீப் இல்லை, கூரையைத் தூக்கிவிடும் சஃபாரி வேன். நகரத்துச் சாலைக்கும் காய்ந்த மண்பாதைக்கும் அது நல்ல வண்டிதான். ஆனால் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். உள்ளே வேறு யாரும் இல்லை. மற்ற மூன்று பேரும் வரவில்லை என்று ஓட்டுநர் சொன்னார். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பிள்ளை. என்னை "மாமா, மாமா" என்று கூப்பிட்டார். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. வயதில் மூத்த பெண்களை மரியாதையாக அப்படித்தான் அழைக்கிறார்கள். அந்த ஒரு சொல்லில் பாதிப் பயம் போய்விட்டது. இந்தத் தம்பி மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவரும் என்னைப் போலவே ஏஜெண்ட் சொன்னதை நம்பி வந்தவர்.

நைரோபியிலிருந்து நக்குரு சுமார் 160 கிலோமீட்டர். லாரிகள் வரிசையாக ஊர்கிற சாலை, அதனால் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் கணக்கு வையுங்கள். பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் வண்டியை நிறுத்திக் கீழே காட்டினார். காலைப் பனிக்கு அடியில் தரை எங்கோ ஆழத்தில் கிடந்தது. நல்ல குளிர். நக்குரு ஏரியே கடல் மட்டத்திலிருந்து 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் ஏலகிரி, ஏற்காட்டைவிட உயரம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து நான் ஒரு பருத்திச் சால்வைதான் கொண்டுபோயிருந்தேன். ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும்.

பத்தேகாலுக்குப் பூங்கா வாசலில் நின்றோம். அங்கேதான் முதல் அடி. தம்பி வண்டிக்கான கட்டணத்தைக் கட்டிவிட்டு என் டிக்கெட்டைக் கேட்டார். ஏஜெண்டிடம் இருக்கும் என்றேன். அவர் ஏஜெண்டைக் கூப்பிட்டுப் பேசினார். பேசப் பேச முகம் மாறியது. பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, "போலே, மாமா" என்றார். போலே என்றால் வருந்துகிறேன் என்று பொருள். அன்று அந்தச் சொல்லை எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. நுழைவுக் கட்டணம் 310 டாலரில் சேர்த்தி இல்லையாம்.

வெளிநாட்டவருக்கு அன்றைய கட்டணம் 60 டாலர். (இது மாறும். கிளம்புகிற வாரத்தில் கென்ய வனவிலங்குத் துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.) சரி, தொலையட்டும் என்று பர்ஸிலிருந்து டாலரை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. பூங்காக்களில் ரொக்கமே கிடையாது, அரசின் இணையதளம் வழியாகத்தான் கட்ட வேண்டும், கார்டு அல்லது எம்-பெசா. எம்-பெசா என்பது 2007-இல் அங்கே தொடங்கிய அலைபேசிப் பணம். நம் ஊரில் யுபிஐ மாதிரி, காய்கறிக்காரம்மா வரைக்கும் அதில்தான் வாங்குகிறார். அதற்கு உள்ளூர் சிம் வேண்டும். என்னிடம் இல்லை. விடுதியின் வைஃபை போதும் என்று இருந்துவிட்டேன்.

கார்டு இருந்தது. ஆனால் நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது. 2020-லிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி நாம்தான் திறந்துவிட வேண்டும். நான் ஏடிஎம்முக்கும் கடையில் தேய்ப்பதற்கும் திறந்து வைத்திருந்தேன். இணையவழிப் பணம் என்பது தனி ஸ்விட்ச். அதைத் திறக்க வங்கிச் செயலிக்குள் போனால் ஓடிபி அனுப்புகிறேன் என்கிறது. ஓடிபி வருவது என் இந்திய சிம்முக்கு. ரோமிங் போடாமல் வந்ததால் அந்த சிம்மில் உயிரே இல்லை. தம்பியின் அலைபேசியிலிருந்து இணையம் வாங்கி, திரும்பத் திரும்ப முயன்றேன். பையில் 400 டாலர் இருக்கிறது, வங்கியில் பணம் இருக்கிறது, 60 டாலர் கட்ட வழியில்லை. பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. ஒரு வண்டியில் பள்ளிப் பிள்ளைகள் பாடிக்கொண்டே போனார்கள். வாசல் ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கக் கூடாது என்று முந்தானையைத் தேடியபோதுதான் சுடிதார் போட்டிருப்பது நினைவுக்கு வந்தது.

ஒரு மணிக்கு இன்னொரு வேன் ஓட்டுநர் தன் எம்-பெசாவிலிருந்து கட்டித் தந்தார். அவருக்கு 80 டாலர் கொடுத்தேன். இருபது டாலர் அதிகம் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். இதற்கு மாற்று மிக எளிது, மூன்று காரியம் செய்தால் போதும். நைரோபி விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளூர் சிம் வாங்கி, அதில் எம்-பெசாவையும் திறந்து கொஞ்சம் பணம் போட்டுக்கொள்ளுங்கள். இந்திய சிம்முக்கு ஆகக் குறைந்த ரோமிங் திட்டமாவது போடுங்கள், ஓடிபி வந்து விழுவதற்காக மட்டும். இணையவழி வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே திறந்து, ஒரு சின்னத் தொகையைக் கட்டிப் பாருங்கள். முடிந்தால் நுழைவுக் கட்டணத்தை முந்தின நாளே நீங்களே கட்டி, ரசீதை அலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஏஜெண்டை நம்ப வேண்டிய காரியம் ஒன்று குறையும்.

வாசலில் இன்னொன்றும் நடந்தது, அப்போது சின்னதாகத் தெரிந்தது. வழியில் வாங்கிய இரண்டு தண்ணீர் பாட்டில்களை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2020 ஜூனிலிருந்து அங்கே எல்லாத் தேசியப் பூங்காக்களிலும் தடை. நல்ல சட்டம்தான். எவர்சில்வர் பாட்டில் ஒன்றை ஊரிலிருந்தே எடுத்துப் போயிருக்க வேண்டும். இரண்டையும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, குடித்த தண்ணீரோடு உள்ளே போனேன்.

உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் ஏரி தெரிந்தது. முதலில் அது ஏரி என்றே புரியவில்லை. தண்ணீருக்கு நடுவில் மரங்கள். ஒன்று இரண்டு இல்லை, ஒரு காடே இடுப்பளவு நீரில் செத்து நிற்கிறது. இலை இல்லை, பட்டை உரிந்து எலும்பு நிறத்தில் கிளைகள். ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு நீர்க்காகம். கரையில் மஞ்சள் பட்டை வேலமரங்கள் உயிரோடு இருந்தன. தண்ணீருக்குள் இருந்தவையும் அதே மரங்கள்தானாம். "பூநாரை எங்கே?" என்று கேட்டேன். தம்பி பதில் சொல்லாமல் பைனாகுலரை எடுத்துத் தந்தார். வெகு தொலைவில், எதிர்க்கரையில், ஒரு வெள்ளைக் கோடு. அதுவும் கூழைக்கடாக் கூட்டம்.

பிறகுதான் எல்லாம் விளங்கியது. நக்குரு ஏரிக்குத் தண்ணீர் வரும் ஆறுகள் உண்டு, வெளியே போக வழி கிடையாது. வந்த நீர் வெயிலில் ஆவியாகி, உப்பும், சோடா உப்பு மாதிரியான காரமும் தங்கிவிடும். அந்தக் கார நீரில் மட்டும் கொழிக்கிற நுண்பாசியைத்தான் சிறு பூநாரைகள் வடிகட்டித் தின்கின்றன. 1990-களின் நடுவில் இந்த ஏரி வறண்டு போனதும் உண்டு. 2010-க்குப் பிறகு தலைகீழாக நீர் ஏறத் தொடங்கியது. நாற்பது சதுர கிலோமீட்டர் அளவில் இருந்த ஏரி அறுபதையும் தாண்டிப் பரந்தது. மழை கூடியது ஒரு காரணம். மேற்கே மாவு மலைக்காட்டை அழித்ததால் நீரும் வண்டலும் தங்காமல் ஓடிவருவது இன்னொன்று என்கிறார்கள். பழைய முதன்மை வாசலையே தண்ணீர் விழுங்கி, மேட்டில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். நன்னீர் கலந்து காரம் குறைந்ததும் பாசி குறைந்தது. பூநாரைகள் போகோரியா, எலிமென்டைட்டா என்று மற்ற ஏரிகளுக்குப் பிரிந்து போய்விட்டன. எனக்கு வந்த படம் நீர் ஏறுவதற்கு முந்தைய படம்.

எனக்கு ஏற்பட்டது ஏமாற்றம் என்று சொன்னால் போதாது. உப்பளத்துக்காரர் மகள் நான். உப்பு நீரில் மழை நீர் கலந்தால் என்ன ஆகும் என்பது சின்ன வயதிலேயே தெரியும். ஒரு ராத்திரி மழையில் பாத்தி முழுக்கக் கரைந்து போனதைப் பார்த்துக்கொண்டு அப்பா வரப்பில் நிற்பார். அதே நிற்பை அந்தக் கரையில் நானும் நின்றேன். அதனால் சொல்கிறேன்: பிளவுப் பள்ளத்தாக்கு ஏரிகள் எதற்குப் போவதாக இருந்தாலும், "இந்த வாரம் தண்ணீர் எப்படி இருக்கிறது, பூநாரை எந்த ஏரியில் இருக்கிறது, கரைச் சாலை திறந்திருக்கிறதா" என்று கேளுங்கள். ஏஜெண்டைக் கேட்காதீர்கள், நீங்கள் தங்கப்போகும் நக்குரு விடுதிக்காரர்களை நேரே கேளுங்கள். இந்த வாரம் எடுத்த படம் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். பறவைகள் ஏரி மாறிக்கொண்டே இருக்கும், போன மாதத் தகவல்கூடப் பழையதுதான்.

பூநாரை இல்லையென்றால் நக்குருவுக்குப் போகவே வேண்டாமா என்றால், அப்படி இல்லை. 188 சதுர கிலோமீட்டரில் சுற்றிலும் வேலி போட்ட பூங்கா அது. 1987-இலிருந்து காண்டாமிருகக் காப்பகம். யானை கிடையாது, யானைக்காகப் போகாதீர்கள். இரண்டேகால் மணிக்கு ஒரு வெள்ளைக் காண்டாமிருகமும் கன்றும் பாதை ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. தம்பி இன்ஜினை அணைத்தார். பதினைந்து அடி இருக்கும். புல்லை அகன்ற உதட்டால் பற்றி அறுக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது, நம் வீட்டுப் பசு மேய்கிற அதே சத்தம். தாயின் காது மட்டும் எங்கள் பக்கம் திரும்பித் திரும்பி வந்தது. கன்றின் தோலில் காய்ந்த சேறு வெடிப்பு விட்டு, அதன் மேல் ஒரு சின்னக் குருவி நடந்தது. அந்தப் பத்து நிமிடம் வாசலில் நின்ற மூன்று மணி நேரத்தை மறந்திருந்தேன்.

மூன்று மணிக்குப் பபூன் கிளிஃப் என்ற பாறை உச்சி. ஏரி முழுவதும் தெரியும் இடம், வண்டியை விட்டு இறங்க அனுமதி உண்டு. அந்தப் பெயரை நான் கவனித்திருக்க வேண்டும். வேனின் பக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டு இரண்டு எட்டுதான் நடந்தேன். ஒரு பெரிய பபூன் குரங்கு உள்ளே ஏறி, மதியச் சாப்பாட்டு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூரை மேல் போய் உட்கார்ந்தது. அவித்த முட்டையை எடுத்து, விரல் நகத்தால் ஓட்டைச் சில்லுச் சில்லாக உரித்து, பொறுமையாகத் தின்றது. பிறகு சப்பாத்தி, பிறகு வாழைப்பழம். கதவையும் கண்ணாடியையும் மூடி, கூரையை இறக்கிவிட்டு மட்டும் இறங்குங்கள். சாப்பாட்டை அதற்கு முன்பே வண்டிக்குள் வைத்தே சாப்பிட்டுவிடுங்கள். எனக்குச் சர்க்கரை உண்டு. காலையில் மாத்திரை போட்டிருந்தேன். அந்தப் பெட்டி போனதன் பொருள் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்றரைக்கு மழை. நவம்பர் அங்கே சிறு மழைக்காலம், பிற்பகலில் திடீரென்று கொட்டும். ஏரியைச் சுற்றி வருவதாக ஏஜெண்ட் தந்த அட்டவணையில் இருந்தது. ஆனால் பழைய கரைச் சாலை பல இடங்களில் நீருக்குள் போய்விட்டதால், மேலே வெட்டிய மாற்றுப் பாதையில்தான் போக வேண்டியிருந்தது. நக்குரு என்பதற்கு மாசாய் மொழியில் புழுதி என்று பொருளாம். எரிமலைச் சாம்பல் கலந்த அந்தப் புழுதி நனைந்ததும் களியாகிவிட்டது. ஒரு இறக்கத்தில் பின்சக்கரம் சுழன்றது, வண்டி பக்கவாட்டில் சறுக்கியது, அச்சு வரைக்கும் புதைந்தது. நேரம் நாலு மணி ஆகப் பத்து நிமிடம். தம்பி பூங்கா அலுவலகத்தைக் கூப்பிட்டார். மீட்பு வண்டி வேறு இடத்தில் இருக்கிறது, வரும், வண்டியை விட்டு இறங்காதீர்கள் என்றார்கள்.

இறங்காதே என்பதற்குக் காரணம் அரை மணியில் தெரிந்தது. எருமைக் கூட்டம் ஒன்று மழையில் நனைந்துகொண்டே பாதைக்கு வந்து, எங்கள் பக்கம் பார்த்து நின்றது. பெண்கள் படிப்பதற்காக ஒன்றை வெளிப்படையாக எழுதுகிறேன். காலையிலிருந்து வாசலில் மட்டும்தான் கழிப்பறைக்குப் போயிருந்தேன். ஐந்து மணிக்குமேல் தாங்கவில்லை. ஒரு பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது என்று அரை மணி நேரம் தவித்தேன். கடைசியில் சொன்னபோது, அவர் சற்றும் தயங்காமல் சுற்றிலும் பார்த்து, எருமைகள் இல்லாத பக்கத்துக் கதவை ஒட்டியே போகச் சொல்லி, தான் மறுபக்கம் திரும்பி நின்று காவல் காத்தார். கூச்சப்பட்டு அடக்கி வைக்காதீர்கள். முதலிலேயே சொல்லிவிடுங்கள். சுற்றுலா இடங்களில் கழிப்பறையைக் கண்டால் தேவை இருக்கிறதோ இல்லையோ போய்விடுங்கள்.

ஆறு மணிக்குக் கை நடுங்கத் தொடங்கியது. வியர்த்தது. சர்க்கரை இறங்குகிறது என்று புரிந்தது. சாப்பாடு குரங்கோடு போனது, தண்ணீர் வாசலோடு போனது. சொன்னதும் தம்பி தன் பையைக் கவிழ்த்தார். அரைப் பொட்டலம் பிஸ்கட், ஒரு பிளாஸ்க்கில் காலையில் ஊற்றிய தேநீர். நம் ஊர் மாதிரியே பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்க வைத்த தேநீர், ஆறிப்போய் ஏடு படிந்திருந்தது. மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். அவருக்கென்று ஒரு வாய்கூட வைத்துக்கொள்ளவில்லை. சர்க்கரை உள்ளவர்கள் இனிப்பை வண்டியில் வைக்காதீர்கள், பையில் வைக்காதீர்கள், உடம்பில் இருக்கும் ஆடையின் பாக்கெட்டில் வையுங்கள். நாலு கடலைமிட்டாய் போதும்.

ஏழு மணிக்குள் இருட்டிவிட்டது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், அந்தி என்று தனியாக ஒன்று நீடிப்பதில்லை. மழை விட்டதும் காட்டின் சத்தம் எழுந்தது. எது எவ்வளவு தூரத்தில் என்று சொல்ல முடியாத சத்தம். நான் பயந்தேன். என் பிள்ளைகளின் பெயரை வரிசையாக மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழு நாற்பதுக்கு விளக்கு வெளிச்சம் தெரிந்தது. ரேஞ்சர்கள் இரும்புச் சங்கிலி கட்டி ஐந்தே நிமிடத்தில் இழுத்துப் போட்டார்கள். இழுத்த செலவுக்கு 4,000 ஷில்லிங், சுமார் 31 டாலர் கொடுத்தேன். தம்பி கொடுக்க வேண்டாம் என்றார். ஏஜெண்ட் அதை அவர் சம்பளத்தில் பிடிப்பார் என்று தெரிந்ததால் நானே கொடுத்தேன். நக்குரு ஊருக்குள் இருந்த விடுதியில் அறைக்குத் தனி ஆள் கூடுதல் 45 டாலர் கேட்டார்கள். வாதாடத் தெம்பு இல்லை. கட்டினேன். அன்று இரவு ஏஜெண்டுக்கு விவரமாக எழுதினேன். "நுழைவுக் கட்டணம் தனி என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று ஒரு வரிப் பதில். அதற்குப் பிறகு பதிலே இல்லை. என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை, அதனால் மேலே கேட்கவும் முடியவில்லை.

மறுநாள் காலை மீண்டும் பூங்காவுக்குள் போவதாக அட்டவணை. பாதை காயவில்லை, இன்னொரு கட்டணமும் கட்ட வேண்டும். வேண்டாம் என்றேன். தம்பி கொஞ்ச நேரம் யாரையோ கூப்பிட்டு அவர்கள் மொழியில் பேசினார். பிறகு, "மாமா, திரும்பும் வழியில்தான் எலிமென்டைட்டா. நேற்று சாயங்காலம் பறவை இருந்ததாம்" என்றார். நான் முந்தின வாரம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, அவர் ஒரே அழைப்பில் கேட்டு முடித்துவிட்டார்.

நக்குருவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டோம். சின்ன ஏரி. நக்குரு, போகோரியாவோடு சேர்த்து 2011-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கரையில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. கால் வைத்ததும் நொறுங்கிய அந்த மேலோடும், மூக்கில் ஏறிய அழுகிய பாசி வாசனையும் எனக்குப் பழக்கமானவை, கண்ணை மூடியிருந்தால் அகத்தியம்பள்ளி உப்பளம் என்றே நினைத்திருப்பேன். பூநாரைகள் இருந்தன. லட்சம் இல்லை, ஆயிரம்கூட இல்லை. முந்நூறு, நானூறு இருக்கும். கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நடந்தன. கோடியக்கரையில் நான் பார்த்தவை பெரிய இனம், வெளிர் நிறம். இவை சிறியவை, அலகு கருஞ்சிவப்பு. ஒன்று இறக்கையை விரித்து மடக்கியபோது உள்ளே இருந்த சிவப்பு ஒரு கணம் தெரிந்து மறைந்தது. எங்கள் மொழியில் இதைப் பூநாரை என்போம் என்று தம்பிக்குச் சொன்னேன். பூ என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். சுவாஹிலியில் ஹெரோயே என்றார்.

நைரோபிக்குள் நுழையும்போது நெரிசல் இருக்கும், கிளம்பலாமா என்று மணியைக் காட்டினார். இன்னும் பத்து நிமிடம் என்றேன்.